ஜிப்பில் கட்டிய நீல ரிப்பன்

நான் பதின்வயதுப் பிள்ளைகளுக்காகத் தமிழில் நாவல் எழுதுகிறவன். குடியிருப்பது ஹைதராபாத்தில், ஹப்சிகுடாவில். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரித்துவிடுகிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் அடுக்ககத்தில் ஏழு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒரு டஜனுக்குக் குறையாது. அதில் தமிழ் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அம்மா தமிழில் திட்டினால் புரியும், பதில் மட்டும் தெலுங்கிலோ ஹிந்தியிலோ வரும். ஞாயிற்றுக்கிழமை செகந்திராபாத்தில் நாங்கள் போகும் தமிழ் ஆராதனையில்கூட, பாட்டை ஆங்கில எழுத்தில் திரையில் போட்டால்தான் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள். என் மகளும் அப்படித்தான். அவளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சிலேட்டு, அட்டை, படம் போட்ட புத்தகம் எல்லாம் வாங்கிப் பார்த்தேன். ஏழு வயதில் “நக்கோ அப்பா”, வேண்டாம் அப்பா, என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அதோடு சரி.

பிழைப்புக்கு சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லேத்தில் கடைந்து வரும் இரும்பு உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு பெயிண்ட் தொட்டு வைக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக அதைத்தான் செய்கிறேன். காலை ஷிப்ட் இரண்டரைக்கு முடியும். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சைனிக்புரியில் ஒரு சாரின் வீட்டுக்குக் கணக்கு ட்யூஷனுக்குக் கூட்டிப்போவேன். நாச்சாரம், மல்லாபூர், மௌலாலி என்று நெரிசலில் ஊர்ந்து போய்ச்சேர முக்கால் மணி நேரம் ஆகும். எழுத்து வாழ்க்கை என்று எனக்கு ஏதாவது இருந்ததென்றால் அந்த முக்கால் மணி நேரம்தான்.

வீட்டில் என் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசாதவள், பின் ஸீட்டில் உட்கார்ந்ததும் கொட்டிவிடுவாள். என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது, அதனால் இருக்கலாம். யார் யாரோடு பேசுவதில்லை, யாருடைய டிபன் பாக்ஸை யார் ஒளித்துவைத்தார்கள், ஒரு பையன் பிறந்தநாளுக்கு யாருமே வராததால் தானே வாங்கிய கேக்கைத் தானே பள்ளிக்குக் கொண்டுவந்து பங்கு வைத்தது, எல்லாம் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் கலந்துகட்டி என் காதுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். நான் ஹெல்மெட்டுக்குள் அதைத் தமிழாக்கி, மறந்துவிடாமல் இருக்க வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன். அவளை இறக்கிவிட்ட கையோடு, தெருமுனையில் பூட்டிக் கிடந்த பால் பூத்தின் வாசலில் வண்டியை நிறுத்தி, அதன் படிக்கட்டில் உட்கார்ந்து, சட்டைப்பையில் இருக்கும் பென்சிலால் நோட்டில் எழுதுவேன். வகுப்பு முடிந்து அவள் வரும்வரை எழுதுவேன். இரண்டு நாவல்கள் அந்தப் படிக்கட்டில் எழுதியவை.

சென்னையில் ஒரு கூட்டத்தில் ஒரு டீச்சர் எழுந்து, “இந்தக் காலத்துப் பிள்ளைங்க மனசு உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு துல்லியமா தெரியுது?” என்று கேட்டார். “கவனிக்கிறேன்மா” என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. மகள் சொல்கிறாள், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் யார் கை தட்டுவார்கள்?

அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் மல்லாபூர் சிக்னலில் வைத்துத் தன் தோழியைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் வீடு சைனிக்புரி. அவளும் தமிழ்ப் பிள்ளைதான். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம் சொந்த ஊர். பள்ளி விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்து அவளும் அதே ட்யூஷனுக்குத்தான் வர வேண்டும். ஆனால் நான்கு மாதமாக வரவில்லையாம். சாரிடம் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டதாகச் சொல்லிவிட்டாள். வீட்டில் ட்யூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். தினமும் மௌலாலி ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, ஏழு மணிவரை படம் வரைகிறாள். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், தூங்குகிறவர்கள் எல்லாரையும் வரைகிறாள். வரைந்த நோட்டை பள்ளிப்பையின் அடியறையில் வைத்து, அந்த அறையின் ஜிப்பை ஒரு நீல ரிப்பனால் இறுக்கிக் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஏழு முடிச்சு போட்டுவிடுகிறாள். வீட்டில் யாராவது பையைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினால் முடிச்சு ஒன்றாவது குறைந்திருக்கும், தெரிந்துவிடும்.

“கிசீகோ போல்னா நக்கோ அப்பா. ப்ராமிஸ்?” என்று கேட்டாள். யாரிடமும் சொல்லக் கூடாதாம்.

“ஹவ்” என்றேன்.

அவளுடைய பாஷையிலேயே கொடுத்த வாக்கு அது. நானும் யாரிடமும் சொல்லவில்லை. எழுதத்தான் செய்தேன். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் பெரியதாகத் தெரிந்தது.

மூன்றாவது நாவல் முழுக்க அந்தப் பெண்தான். எழுதும்போது பயம் இல்லாமலில்லை. பெயரை மாற்றினேன். ஊரை மதுரைக்குக் கொண்டுபோனேன். ரயில் ஸ்டேஷனை பஸ் ஸ்டாண்ட் ஆக்கினேன். அப்பாவை ராணுவத்தில் இருந்து எடுத்து பாங்கில் போட்டேன். படம் வரைகிறவளை பாட்டு எழுதுகிறவளாக மாற்றினேன். ரிப்பனை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. மாற்றிப் பார்க்காமல் இல்லை. பூட்டு போட்டுப் பார்த்தேன், ஊக்கு குத்திப் பார்த்தேன், எதுவும் பிடிக்கவில்லை. ஏழு முடிச்சு போட்ட நீல ரிப்பன்தான் அந்தப் புத்தகத்தின் உயிர் என்று எனக்குத் தெரியும். நானாக உட்கார்ந்து யோசித்தால் ஜென்மத்துக்கும் எனக்கு அப்படி ஒன்று தோன்றாது.

புத்தகம் வந்தது. அடுத்து நான் செய்த காரியத்தை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. இந்த ஊரில் என் புத்தகத்தைப் படிக்க ஆள் இல்லையே என்ற ஏக்கம் எனக்கு வருடக்கணக்கில் இருந்தது. அந்தத் தோழியின் அம்மா தமிழ்ப் பத்திரிகை வரவழைத்துப் படிக்கிறவர் என்று தெரியும். ஒரு நாள் மகளை ட்யூஷனில் இறக்கிவிட்டு, நேரே அவர்கள் வீட்டுக் கேட்டுக்குப் போய், “அன்புடன்” என்று கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். நானே என் கையால் கொடுத்தேன். மதுரைக்கு மாற்றியாயிற்றே, பிறகு என்ன என்று நினைத்துக்கொண்டேன். எழுத்தாளன் புத்தி.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிறு மதியம் போன் வந்தது.

“சார், புக்கு படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சி.”

எனக்கு வாயெல்லாம் பல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“ஒண்ணு கேக்கணும் சார். அந்த ரிப்பன் விஷயம் உங்களுக்கு எப்படி தோணுச்சி?”

“கற்பனைதாங்க” என்றேன். அப்போதும் பாராட்டு என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்த அம்மா ரொம்ப நிதானமாகச் சொன்னார். “எம் பொண்ணு போன வருஷம் பூரா பைல அதே மாரிதான் கட்டி வெச்சிருந்தா சார். ஏழு முடிச்சி. ஏன்டின்னு கேட்டா ஃபேஷன்னா.”

நான் ஏதோ உளறினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் திட்டவில்லை. “சரி சார், வெச்சிடறேன்” என்று வைத்துவிட்டார்.

பத்தாம் வகுப்பு பரீட்சை முடிந்து ரிசல்ட் வரவேண்டிய சமயம் அது. படம் வரையும் படிப்புக்கு அனுப்பலாம் என்று அந்த வீட்டில் பாதி இறங்கி வந்திருந்தார்களாம். இந்த விஷயம் தெரிந்ததும் எல்லாம் மாறிப்போயிற்று. மாதக்கணக்கில் பொய் சொன்னவளை இனி நம்ப முடியாது என்று அப்பா சொல்லிவிட்டார். விஜயவாடாவில் போன் வைத்துக்கொள்ள விடாத ஒரு ஹாஸ்டல் கல்லூரியில், கணக்கும் பௌதிகமும் படிக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வரைந்த நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டார்கள் என்று மகள் சொல்லித்தான் தெரியும். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

“கைக்கு அப்பா?” என்றாள். ஏன் அப்பா என்று கேட்டாள். “நான் அப்பாகிட்ட போலா. புக்குக்கு நை போலா.” அப்பாவிடம்தான் சொன்னாளாம், புத்தகத்துக்குச் சொல்லவில்லையாம்.

என் மனைவி அடுப்பங்கரையில் இருந்து கரண்டியோடு வந்து நின்றாள். எங்கள் இருவருக்கும் பாளையங்கோட்டைப் பக்கம். கோபம் வந்தால் அவள் பேச்சு நேரே அங்கே போய்விடும்.

“பிள்ள நம்பிச் சொன்னத ஊருக்கே சொல்லிட்டியளே. எழுத வேற ஒண்ணுமே ஆம்புடலயா உங்களுக்கு?”

ஆம்புடவில்லை. அதுதான் உண்மை. இனி மகள் சொல்வது எதையும் எழுத மாட்டேன் என்று அன்றைக்கு இருவர் முன்னாலும் சொன்னேன். சொல்லியிருக்கவே வேண்டாம், ஏனென்றால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. கல்லூரிக்கு மெட்ரோவில் போக ஆரம்பித்துவிட்டாள். மழை கொட்டினாலும் ஸ்கூட்டரில் ஏறுவதில்லை. பேசவேண்டியதைப் பேசுவாள்: சாப்பாடு ஆயிற்று, சாவி எங்கே, வர லேட்டாகும். அவ்வளவுதான்.

என் எழுத்தும் அதோடு நின்றுவிட்டது. பதிப்பகத்தில் இருந்து வருடத்துக்கு இரண்டு முறை அன்பாக விசாரித்தார்கள், பிறகு ஒரு முறை, பிறகு அதுவும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று பிள்ளைகள் பேசுவதை ஒட்டுக்கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் சொந்தப் பதினைந்து வயதை எழுதிப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. எழுதியதை மறுநாள் படித்தால் என் கை தானாகவே சிவப்பு பெயிண்டைத் தேடும். மூன்று வருடத்தில் உருப்படியாக ஒரு பக்கம் தேறவில்லை. ஷிப்டுக்குப் போனேன், வந்தேன், டிவி பார்த்தேன்.

இந்த வருடம் மகளின் அலமாரி மேல் இருந்த போர்வையை எடுக்கச் சொல்லி மனைவி அனுப்பினாள். ஸ்டூல் போட்டு ஏறினேன். போர்வைக்குப் பின்னால் சுவரோரம் படம் வரையும் நோட்டுகள் மூன்று இருந்தன. பெரியவை, நல்ல தடித்த தாள், கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் அந்தத் தோழியின் பெயரும் ஒரு வருடமும் எழுதியிருந்தன. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் வாங்கி, அனுப்ப வழியில்லாமலோ முகமில்லாமலோ அங்கே வைத்திருக்கிறாள். நான் கெடுத்தது எவ்வளவு என்று அந்த மூன்று நோட்டையும் பார்த்தபோதுதான் முழுதாக உறைத்தது.

அங்கேயே நின்றிருந்தால் நான் மனிதன். போர்வையை மனைவியிடம் கொடுத்துவிட்டு நேரே மேசைக்கு வந்து, பென்சிலை எடுத்து எழுதினேன். பிரிக்காத நோட்டுகள், கண்ணாடிக் காகிதத்தில் படிந்த தூசி, அதில் ஒரே ஒரு விரல் தடம். ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் வந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவையாக வாக்கியங்கள் உயிரோடு இருந்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே என்று நோட்டை மேசை மேலேயே விட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனேன்.

ஷிப்ட் முடிந்து வந்து நோட்டைத் திறந்தேன். அந்த ஒன்றரைப் பக்கமும் அடிக்கப்பட்டிருந்தது. கோபத்தில் கிறுக்கியது இல்லை. ஸ்கேல் வைத்து, வரிக்கு ஒரு கோடாக, ஒரு வரிகூட விடாமல் அடித்திருந்தது. கீழே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல் பெரிய பெரிய எழுத்தில் “இது வேண்டாம்” என்று இருந்தது. என் மனைவியின் கையெழுத்து எனக்குத் தெரியும். அது இல்லை.

மகள் அறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

“எப்பம்மா படிக்கக் கத்துக்கிட்ட?”

“டென்த் லீவுல” என்றாள். தமிழில் சொன்னாள். “போன்ல வீடியோ பாத்து.”

“எதுக்கு?”

“நீங்க என்ன எழுதுறீங்கன்னு பாக்க.”

அப்படியென்றால் மூன்று வருடமாக மேசையில் கிடந்த எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். கிழித்துப் போட்டவற்றைக்கூடப் படித்திருக்கலாம். இந்த ஊரில் எனக்கு ஒரு வாசகி இருந்திருக்கிறாள், என் வீட்டுக்குள்ளேயே, எனக்குத் தெரியாமல். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன்.

“அந்தப் புக்கையும் படிச்சியா?”

“மூணு தடவ.”

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என் முகத்தைப் பார்த்து வருடங்கள் ஆயிற்று. கண்ணில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை.

“ரிப்பன் நல்லா இருந்துச்சு” என்றாள். பிறகு எழுந்து வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.