அமுங்காத மங்குஸ்தான்

சந்தனமாரி ஆனந்தவள்ளிக்கு நாற்பதாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. குற்றாலம் ஐந்தருவியில் கடன் வாங்காமல் சீசன் கடை போட்டேன் என்று ஒருவன் சொன்னால் அவன் பொய் சொல்கிறான். சீசன் மூன்றே மாதம்தான். இடத்துக்கு வாடகை முன்பணமாகக் கட்ட வேண்டும். பழம் எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும்.

ஆனந்தவள்ளி, சந்தனமாரியின் பழக்கடைக்குப் பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரி. ஐம்பத்தைந்து வயது, புருஷன் போன பிறகு தனியாளாக முப்பது சீசன் பார்த்தவள். அவள் கொடுக்கும் பணத்துக்குப் பத்திரம் கிடையாது, நிபந்தனை மட்டும் உண்டு. வைகாசிக் கடைசியில் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்:

"ஆடிக்குள்ள ஒரு வெள்ளிக்கிழமை காலையில தரணும். வலது கையால தரணும். எடது கையால வந்த காசு எங்கிட்ட ஒருநாளும் தங்கினதில்ல மாரி, பாத்துக்கோ."

சந்தனமாரிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பிறந்தது அச்சன்புதூர். அப்பா வயல் கூலி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அம்மாவோடு பழக்கூடை சுமக்க வந்தவள். கட்டிக்கொடுத்த இடம் இலஞ்சி. புருஷன் சங்கரபாண்டி புனலூருக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மூன்று வயதில் ஒரு பையன். வீட்டில் மாமியார். சொத்து என்று சொல்ல அவளுக்கு இருந்தது வலது கை விரல்கள்தான்.

சும்மா சொல்லவில்லை. மங்குஸ்தானைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் ஏமாந்துதான் போவான். பெரிய படிப்பு படித்தவர்கள் காரில் வந்து இறங்கி, பளபளவென்று கல்லுமாதிரி இருக்கிற காயாகப் பொறுக்கி எடுப்பார்கள். நல்ல பழம் விரலுக்கு லேசாக அமுங்கிக்கொடுக்கும். அமுங்காததன் உள்ளே சுளை மஞ்சள் பிசின் கட்டிக் கெட்டிருக்கும். தொட்ட மாத்திரத்தில் இதைச் சொல்லப் பத்து வருஷ உழைப்பு வேண்டும். அதற்கு எந்தக் காலேஜும் சர்டிபிகேட் கொடுப்பதில்லை. சந்தனமாரி கூடைக்குள் கையை விட்டால், பார்க்காமலே நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுவாள்.

ஆனி பிறந்து நாலாம் நாள், விடிந்தும் விடியாமலும், கடை திறக்குமுன் பெண்கள் பக்கத்து அருவியில் குளித்துக்கொண்டிருந்தாள். அங்கே சோப்புப் போட விடமாட்டார்கள். கையால்தான் தேய்த்துக் கொள்ள வேண்டும். அப்படித் தேய்க்கும்போது வலது மார்பில், அக்குளை ஒட்டி, அந்த விரல்களில் ஒன்று தட்டி நின்றது. சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. வலியில்லை. நகரவுமில்லை.

அன்றைக்கே மாமியாரிடம் சொன்னாள். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, இது பால் கட்டு, பிள்ளைக்கு நிறுத்தின பால் உள்ளேயே உறைந்து கிடக்கிறது என்று அடித்துச் சொன்னாள். பையன் பாலை மறந்து ஒரு வருஷம் ஆகிறதே என்று கேட்டதற்கு, உறைந்த பாலுக்கு வருஷம் தெரியுமா என்றாள். பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். முகூர்த்த நாள், பூ விலை தீயாக இருந்தது. ஆனாலும் ஏழு நாள் பூ வாங்கிக் கட்டினார்கள். ரவிக்கைக்குள் வாடிய மல்லிகையோடு அவள் பழம் விற்றாள். வாசனையாக இருக்கிறதே என்று வாடிக்கைக்காரிகள் கேட்டதற்குச் சிரித்துவைத்தாள்.

ஏழு நாளும் போயின. கட்டி அப்படியே இருந்தது. அருவித் தண்ணீரில் மூலிகை இறங்கி வருகிறது, அடிக்கிற அடியில் எந்தக் கட்டும் கரையும் என்று மாமியார் அடுத்த வழி சொன்னாள். ஒன்பது நாள் விடியலில், மார்பை அருவிக்குக் கொடுத்துக்கொண்டு நின்றாள் சந்தனமாரி. தோல் சிவந்துபோனது. கட்டி கரையவில்லை.

சங்கரபாண்டி கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவன் எதையும் முதலில் தள்ளித்தான் போடுவான். "ஒரு மாசந்தானட்டி. ஆடி முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். இப்பக் கடையப் பூட்டுனா கடன யாரு அடைக்கது?" என்றான். இந்த வயதில் இதெல்லாம் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்று கூட வண்டி ஓட்டுகிற ஒருவன் சொன்னானாம். அவளும் சரி என்றுதான் இருந்தாள். தென்காசிக்குச் சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு லேடி டாக்டர் வருகிறார் என்று விசாரித்து வைத்திருந்தாள். ஆனால் சீசனில் சனிக்கிழமை கடையைப் பூட்டுவது கல்லாவைத் தூக்கி அருவியில் போடுவது போல. அன்றும் ஞாயிறும் விற்பதுதான் வாரக் கணக்கில் பாதி.

அந்த வியாழக்கிழமை கொல்லத்திலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண், புதுத்தாலி மினுங்க, மங்குஸ்தான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எடுத்ததெல்லாம் கல். சந்தனமாரி அவள் கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்தாள். பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லதை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று மலையாளம் கலந்து கேட்டாள். சந்தனமாரி கத்தியை எடுத்து, நட்டம் பார்க்காமல் அந்தப் பழத்தை அறுத்துக் காட்டினாள். வெள்ளைச் சுளைக்கு நடுவில் மஞ்சள் பிசின்.

"பாக்க நல்லாத்தாம்மா இருக்கும். அமுங்கலன்னா உள்ள என்னமோ இருக்கு. அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. ஊருக்கெல்லாம் பத்து வருஷமாகச் சொன்ன வார்த்தை. பதினாறு நாளாகத் தன் விரல் சொன்னதை மட்டும் கேட்காமல், பூவையும் தண்ணீரையும் நம்பி நின்றிருக்கிறாள். அந்தப் பெண் நல்ல பழமாக இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போன பிறகும் கத்தியைத் துடைக்காமல் நின்றாள்.

சாயந்திரம் ஆனந்தவள்ளியிடம் போய், சனிக்கிழமை கடை இல்லை என்றாள். காரணத்தையும் சொன்னாள். ஆனந்தவள்ளி எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம் பணம்?"

"தந்திருவேங்க்கா. ஆனா ஆடிக்குள்ள முடியாது போல இருக்கு."

கரண்டியால் சிப்ஸை அரித்து எடுத்து வடியவிட்டுவிட்டு ஆனந்தவள்ளி திரும்பினாள். "நீ செத்துப்போனா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன், உம் மாமியாக்காரிகிட்டயா? அவ பூக்காரிக்கே பாக்கி வச்சிருப்பா. வட்டிய உம் புருசன் மாசாமாசம் கொண்டாந்து தரட்டும். மொதலு மட்டும் நீதான் தரணும். உங் கையால. புரியுதா? போ, சனிக்கிழமை மொத ஆளா போய் உக்காரு."

சனிக்கிழமை அவள் தனியாகத்தான் புறப்பட்டாள். பஸ் நிறுத்தத்தில் சங்கரபாண்டி லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவள் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தொட்டும் ஸ்கேனிலும் முழுசாகச் சொல்ல முடியாது, ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று சங்கரபாண்டி முனகினான். அப்படி இல்லை, தெரியாமல் விட்டு வைப்பதுதான் ஆபத்து என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். சந்தனமாரி கையெழுத்துப் போட்டாள். பத்து நாள் கழித்து முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பம். பெரும்பாலும் இந்த வயதில் இப்படி இருப்பதில்லை, உங்களுக்கு இருக்கிறது, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டரம்மா. மாமியார் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டாள். சந்தனமாரி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில், காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. கட்டியையும் சுற்றியிருந்த சதையையும், அக்குளிலிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கடையைச் சங்கரபாண்டி பார்த்தான். அவன் விரலுக்கு மங்குஸ்தானும் கல்லும் ஒன்று. பாதிப் பழம் திரும்பி வந்து அழுகியது. ஆடி பாதியிலேயே கடையை எடுத்துவிட்டார்கள். அதன்பிறகு மார்கழி வரை மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டியது. மாசி வரை, ஊரில் கரண்டு என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்தார்கள். பையன் மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரிப்பான். அவனைச் சிரிக்கவிட்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கார்த்திகையில் ஒருநாள் சங்கரபாண்டி பத்தாயிரத்தைப் புரட்டிக்கொண்டு ஆனந்தவள்ளி வீட்டுக்குப் போனான். அவள் வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவன் பையிலேயே திணித்துவிட்டாள். "மொதலு அவ கணக்கு. அவ வரட்டும்" என்றாளாம்.

இடது கையை ஆண்டவன் சும்மா விட்டிருந்தான். வலது கைதான் தோளுக்கு மேல் எழவில்லை. முன்னால் நீட்டினாலும் அக்குளுக்குள் கயிறு கட்டி இழுப்பது போல இருக்கும். சுவரில் விரலை வைத்து, சிலந்தி ஏறுவதுபோல மேலே ஏற்று என்று ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். தினமும் காலையும் மாலையும் ஏற்றினாள். எட்டின இடத்தில் சங்கரபாண்டி பென்சிலால் கோடு போடுவான். தை மாதக் கோடு அவள் கண் மட்டத்தில் இருந்தது. பங்குனிக் கோடு நெற்றிக்கு மேலே. மாதக்கணக்காகச் செய்த அந்த வேலைக்கு எவனும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால் உழைப்பு என்றால் அதுதான் உழைப்பு.

மறு வருஷம் வைகாசியில் சங்கரபாண்டி முன்பணம் கட்ட, மறுபடியும் கடை போட்டாள். தலையில் முடி ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. கூடை தூக்க ஆள் வைத்துக்கொண்டாள். பழத்தை மட்டும் தானே தொட்டு ஒதுக்கினாள். பரிசோதனைக்குப் போகிற நாள் வந்தால், சனிக்கிழமையே ஆனாலும், கடை பூட்டித்தான் இருக்கும். அந்த வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. கூட்டமும் குறையவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி. காலை ஏழு மணிக்கு ஆனந்தவள்ளி சிப்ஸ் தட்டுகளை அடுக்கி முடித்திருந்தாள். சந்தனமாரி எதிரே போய் நின்றாள். இருவருக்கும் நடுவே தட்டுகள் அகலமாகப் பரந்து கிடந்தன. ஆனந்தவள்ளி சுற்றி வரவில்லை, குனிந்து வாங்கவும் இல்லை. உள்ளே நின்ற இடத்திலேயே உள்ளங்கையை விரித்து, தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

சந்தனமாரி நோட்டுக்கட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வலது கையால் உருவி, தட்டுகளுக்கு மேலே நீட்டினாள். இருபதாவது நோட்டில் அக்குள் இழுத்தது. நாற்பதில் கை தாழ்ந்தது, மறுபடி உயர்த்தினாள். கூட வந்திருந்த சங்கரபாண்டி ஓரடி முன்னால் வந்தான்; அவள் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டான். ஆனந்தவள்ளி கையைத் தாழ்த்தவில்லை.

"எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது" என்று சந்தனமாரி வாய்விட்டு எண்ணி, கடைசி ஐந்நூறு ரூபாய் நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்து, வலது கைப் பெருவிரலால் ஒருமுறை அழுத்தினாள். "எண்பது."