கடித்தாலும் அழக்கூடாது

அந்தப் பூனை எந்த வருஷம் வந்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஒற்றுமை கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் என்பாள் அம்மா. ரோட்டில் மரம் சாய்த்த வருஷம் என்பார் மாமா. இரண்டும் ஒன்றுதான்: 1987. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த ஒரு வாரச் சாலை மறியல் புரட்டாசி பிறந்த கையோடு தொடங்கியது. பூனை அதற்கு முன்பே, ஆடி மாதத்தில் வந்துவிட்டது.

நாங்கள் நைனார்பாளையத்தில் இருந்தோம். மாமா அம்மாவுக்குத் தம்பி. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் கடுக்காயும் புளியும் வாங்கி வந்து கீழே விற்பவர். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், மலையில் தான் தங்கும் வீட்டில் பூனை குட்டி போட்டிருப்பதை எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார். உடனே நான் குட்டி வேண்டும் என்று அழுவேன். அவர் ஒன்றும் தெரியாதவர் போல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்.

ஒரு பிள்ளைக்குப் பூனை வளர்க்கிற பக்குவம் எப்போது வரும் என்பதில் மூவருக்கும் மூன்று கருத்து. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கும்போது என்றார் அப்பா. "எலிக்கு இன்னா, பாப்பா வயசு தெரியவா போவுது?" என்றார் மாமா. அம்மாதான் தீர யோசித்தாள். எறும்பு கடித்தால்கூடத் தெருமுனை வரைக்கும் கேட்கும்படி அழுகிறவள் நான். அதை வைத்தே சட்டம் செய்தாள்.

"பூனைன்னா கீறும், கடிக்கும். அதுக்கெல்லாம் அழுதுகினு எங்கிட்ட ஓடியாரக் கூடாது. ஒரு தடவ அழுதே, மறுநாளே மலைக்கு அனுப்பிடுவேன்."

அதோடு பேச்சு முடிந்தது என்று அவள் நினைத்தாள். அடுத்த வாரமே மாமா மூடி போட்ட மூங்கில் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"ஏன்டா, நான் வேணான்னு சொன்னதுக்கு நீ கூடையில வெச்சி எடுத்தாறியா?"

"நீ எங்க வேணான்ன, அக்கா? அழுதா வேணான்ன. எங்க, அழுவுதா பாரு."

நான் அழவில்லை. அன்று மட்டுமல்ல, அதன் பிறகும் அழவில்லை. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி போட்ட குட்டி அது. முழங்கை வரைக்கும் கீறி வைத்தது. யாருக்கும் தெரியாமல் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். எதிர்வீட்டு அத்தை என் கையைப் பார்த்துவிட்டு, "ஒம் பொண்ணு இரும்புடி" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆவணியில் ஒரு தெருநாய் பூனையைக் கவ்வி உதறியது. மாமா கொம்பை வீசி மீட்டார். கழுத்துக் காயத்துக்கு மஞ்சள் வைத்தோம், ஆறியும் விட்டது. அப்போதும் நான் அழவில்லை.

பிறகு மறியல் வந்தது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. வேலையாகத் திருக்கோவிலூர் போயிருந்த அப்பா திரும்ப முடியவில்லை. மாமா மலைக்குப் போக முடியாமல் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

அந்த நாட்களில்தான் பூனை மாறியது. மாமாவின் கடுக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் இருட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. பாலைத் தொடவில்லை. குரல் கரகரத்துப் போயிற்று. அதற்குப் பசி என்று நினைத்து நான் சந்துக்குள் கையை நீட்டினேன். வலது கைப் பெருவிரலுக்குக் கீழே பல் இறங்கியது. எப்போதும் கடித்தவுடன் விட்டுவிடும், அன்று விடவில்லை. கையை உதறிப் பிடுங்கிக்கொண்டேன். வாயைப் பாவாடையில் புதைத்துக்கொண்டேன். சத்தமே வரவில்லை.

மறுநாள் காலை அது கிணற்றடியில் செத்துக் கிடந்தது. வாயெல்லாம் நுரை. மாமா குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு அப்படியே அணைந்துவிட்டது.

"அக்கா, அந்த நாயி வெறிநாயிக்கா."

அம்மா என் முன்னால் மண்டியிட்டாள். "ஒன்ன அது எங்கனா கடிச்சிதாம்மா? உண்மையச் சொல்லு."

பூனை செத்த பிறகும் பரீட்சை நடக்கிறது என்றே நான் நினைத்தேன். இதிலும் தேறினால்தான் அடுத்த குட்டி. "இல்ல" என்றேன், கையை மூடிக்கொண்டு. அவள் பெருமூச்சு விட்டு என் தலையைத் தடவினாள்.

மத்தியானம் சோற்றில் நான் இடது கையை வைத்தேன். பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே என் வலது கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் எந்த மனிதரிடமும் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அம்மா அழக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். உடனே ஒரே சைக்கிளில் கிளம்பினோம். மாமா மிதித்தார், நான் முன்கம்பியில், அம்மா பின்னால் கேரியரில். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். முதல் மரத்தருகே கூட்டமாக ஆட்கள் மறித்தார்கள்.

"எங்க போறீங்க? வண்டி எதுவும் போவக்கூடாது, திரும்பு."

அம்மா என் கையைத் தூக்கிக் காட்டினாள். "வெறிப்பூன கடிச்சிட்சிங்க. ஊசி போடணுங்க."

மறித்தவர்கள் விலகினார்கள். நான்கு பேர் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி மரத்துக்கு அந்தப்புறம் இறக்கினார்கள். ஒருவர் என்னைத் தோளில் வாங்கிக்கொண்டு தாண்டினார். "முன்னாடி போயி அடுத்த மரத்துல சொல்லுடா" என்று ஒரு பையனை விரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வலிக்குதா பாப்பா?" என்றார்.

"இல்ல."

"கெட்டிக்காரப் பொண்ணு!"

அம்மா அதைக் கேட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி போட்டார்கள். அங்கே வாய்விட்டு அழுதேன். பூனைதான் இல்லையே, இனி அழலாம். நான் கத்தக் கத்த அம்மா, "அழு, நல்லா அழு கண்ணு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். சட்டம் எப்போது மாறியது என்று எனக்கு விளங்கவில்லை.

ஊசியெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பின் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. காலையில் கண் விழித்ததும் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு எதிரில் உட்காருவாள். நான் குடிக்கும்போது என் தொண்டையையே பார்ப்பாள். "முழுங்கு. முழுங்கிட்டியா?" என்பாள். காலி டம்ளரை வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுப்பு பற்றவைக்கப் போவாள். அதுவும் வைத்தியம் என்றே இருந்தேன். வெறிநோய் கண்டவர்களுக்குத் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இழுத்துக்கொள்ளும், அது தொடங்கிவிட்டால் எந்த ஊசியும் காப்பாற்றாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஊசி போட்டும் அம்மாவுக்கு அந்தப் பயம் போகவில்லை.

தீபாவளி நெருங்கிய ஒரு காலையில், விளையாட்டுக்காக, டம்ளரை வாயருகே கொண்டுபோய்விட்டு, முகத்தைச் சுளித்து உடம்பைக் குலுக்கித் தள்ளிவிட்டேன்.

டம்ளர் உருண்டது. அம்மா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. கண் என் மேலேயே நிலைகுத்தி நின்றது. நான் மிரண்டு, குடத்திலிருந்து மொண்டு மடக்மடக்கென்று குடித்துக் காட்டினேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அடிக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. நான் தண்ணீர் குடிப்பது அம்மாவுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இன்னும் ஒரு டம்ளர் குடித்தேன். வயிறு முட்டியது. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது போலிருந்ததும், இதுதான் நல்ல சமயம் என்று கேட்டேன்:

"இப்ப எனக்கு வேற பூன வாங்கித் தருவியாம்மா?"