ஓடுகிற மெஷினை நிறுத்துபவர்

புறங்கையைக் குழாயில் வைத்து, கண்ணை மூடி, வாய்க்குள் இருபது எண்ணுகிறார் றொபின்சன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரிதான். சூடு பார்க்கும் மீட்டர் பையில் இருக்கிறது. "மொதல்ல தொட்டுப் பாத்துருவோம், மீட்டர் எங்க ஓடிரப் போகுது."

குளிரறை மெஷின் திருத்துகிறவர்; மாத்தளையில் குளிரறை வைத்திருக்கும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வயது ஐம்பத்து மூன்று. வேலைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்தான் வருவார். கம்ப்ரசர் எரிந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் அமிலமாகிவிடும். தெறித்த இடமெல்லாம் சட்டை பொத்தலாகும். "கறுப்புச் சட்டை போட்டா எங்க தெறிச்சதுன்னு தெரியாதே" என்பார். "தைக்கிறவ நான்தானே" என்பார் மனைவி அஞ்சலா. கையுறையை மட்டும் மறக்கமாட்டார். நல்ல பழக்கம்.

அந்தச் சனிக்கிழமை ஹமீமாவின் கோழிக்கடைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. எரிந்த கம்ப்ரசரை வியாழக்கிழமையே கழற்றி, குழாய்களைக் கழுவி, புதியதைப் பூட்டியிருந்தார். ஆனால் எவ்வளவு கழுவினாலும் வளைவுகளில் கரி ஒட்டியிருக்கும். இரண்டு நாள் ஓடினால் அது பில்டரில் வந்து சேரும். அந்தப் பில்டரை மாற்றாவிட்டால் கரி புதிய கம்ப்ரசரையும் தின்றுவிடும்.

"ஓடுற மெசின நிப்பாட்டவா வந்தீங்க?" ஹமீமா வழியை மறித்து நின்றார். உள்ளே மறுநாள் பஸ்லி வீட்டுக் கல்யாணத்துக்கான இருநூறு கோழி. "நல்லா ஐஸ் பிடிச்சிருக்கு தம்பி. திங்கக்கிழமை வாங்க."

"அது வரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாதுங்க ராத்தா."

"கழுவினேன்னு சொன்னீங்களே. அப்ப என்னத்தக் கழுவினீங்க?"

கேள்வி தைத்தது. உக்குவளையில் ஓர் ஐஸ்கிரீம் கடைக்காரர் இப்படித்தான், "ஓடுதே, விடுங்க" என்றார். றொபின்சனும் விட்டார். ஒன்பதாம் நாள் புதிய கம்ப்ரசரும் எரிந்தது. இன்றும் அந்தக் கடையைத் தாண்டும்போது மோட்டார் சைக்கிளைக் கொஞ்சம் வேகமாகத்தான் விடுவார். அதை ஹமீமாவிடம் மறைக்காமல் சொன்னார். "அவரு சொன்னாருன்னு விட்டது என் தப்பு. நீங்க ஏசினாலும் பரவாயில்ல, இன்னைக்கு மாத்திருவோம்."

ஹமீமா குளிரறைக் கதவைப் பார்த்தார். "ஒரு கோழி கெட்டாலும் பஸ்லிட உம்மாக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன். கதவ மட்டும் யாரும் தொறக்கக் கூடாது. மூடியிருந்தா ரெண்டு மணித்தியாலம் குளிர் நிக்கும்."

மெஷினை நிறுத்தி, இருபுறமும் வால்வை மூடி, பில்டரைக் கழற்றினார். அதை அறுத்து வெள்ளைத் துணியில் தட்டினார். உள்ளே அடைத்திருந்த மணிகள், வெள்ளையாக விழவேண்டியவை, கறுத்து விழுந்தன. எரிந்த நாற்றம். ஹமீமா முக்காட்டுத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். றொபின்சன் அந்த மணிகளைத் துணியோடு சுருட்டிப் பையில் போட்டார்.

புதிய பில்டரைப் பூட்டிய பின், குழாய்க்குள் இருந்த காற்றைப் பம்பு உறிஞ்சி முடிக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, யாரும் திறந்துவிடாதபடி குளிரறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

மெஷின் மறுபடி ஓடியது. புறங்கை. இருபது. பில்டரில் அன்றைய தேதியை எழுதினார். அதன் கீழே அடுத்த சனிக்கிழமைத் தேதி.

"மறுபடியுமா?" என்றார் ஹமீமா.

"வெள்ளையா வர்ற வரைக்கும். கதவ இன்னும் அரை மணித்தியாலம் தொறக்காதீங்க."

அவர் பையைக் கட்டி நிமிர்ந்தபோது ஹமீமா அந்தக் கூடையில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்திருந்தார்.