தட்டுக் கழுவும் மெஷினும் என் வலது கையும்

அந்த மெஷின் எங்கள் குசினிக்கு வந்தது ஓர் ஆடி மாதத்தில். ஆடியில் புதுச் சாமான் எதையும் வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்று நான் வாசலிலேயே நின்று மறித்தேன். என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "புதுசுன்னு யாரு சொன்னா? இது பழசு. வழிய விடு" என்றார். அதுவும் உண்மைதான். ரிவர்ஸ்டன் போகிற பாதையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றை மூடிவிட்டு, மெத்தையிலிருந்து கரண்டி வரைக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் வேலை செய்கிற கந்தோரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய், பார்த்து, லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இரண்டே பேர் இருக்கிற வீட்டில் தட்டுக் கழுவ ஒரு மெஷினா என்று பக்கத்து வீடுகளில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அது என் கைக்காக வந்தது.

நான் அலுவிகாரையில் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைப்பவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கவுன், திரைச்சீலை இதெல்லாம் கேட்டு வந்தால் வேறு ஆளைக் காட்டி அனுப்பிவிடுவேன். என்னிடம் வருவது கலியாணப் பிளவுஸ். ரத்தோட்டையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் பெண் வீட்டார் கூறைச் சாரியைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வருவார்கள். மணவறையில் அந்தப் பெண் கையைத் தூக்கி மாலை போடும்போது தோளில் ஒரு சுருக்கம் விழாது. அதற்கு நான் பொறுப்பு. இருபது வயதில் கத்தரியைப் பிடித்தேன், அதற்குப் பிறகு வேறு எதிலும் எனக்குக் கெட்டித்தனம் இருந்ததில்லை. சமையல் சுமார். வாய் நீளம். ஊரில் என்னை மதிப்பது அந்தத் தையலுக்காக, அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்த வலது கைதான் போகத் தொடங்கியது. பெருவிரல் அடியில் முதலில் சிவந்து அரித்தது. பிறகு விரல் நுனிகளில் தோல் தடித்து, வெடித்து, பிளவுக்குள் இரத்தம் தெரிந்தது. டவுனில் மருந்து தந்த டாக்டர், "பாத்திரம் கழுவுற சவுக்காரத் தண்ணி ஒத்துக்கலை. கைய நனைக்காம இருங்க" என்றார். இந்த ஊரில் ஒரு பொம்பிளை கையை நனைக்காமல் எப்படி நாளை ஓட்டுவது என்பதை அவர் சொல்லவில்லை. வீட்டுக்காரர் ஒரு வாரம் தட்டுக் கழுவினார். கழுவிய தட்டில் மஞ்சள் அப்படியே இருக்கும், சட்டி அடியில் எண்ணெய் வழுக்கும். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துத் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்ப்பேன். என் குணம் அப்படி. அதைப் பார்த்துவிட்டுத்தான் மனுஷன் மெஷின் தேடிப் போனார்.

வந்த மாதம் அது ஒரு குறையும் வைக்கவில்லை. தட்டையும் கோப்பையையும் அடுக்கிக் கதவைச் சாத்தினால், உள்ளே மழை பெய்கிற சத்தம் கேட்கும். திறந்தால் சூடாக, காய்ந்து, சுத்தமாக இருக்கும். நான் தண்ணீரைத் தொடவே இல்லை. தையல் மெஷினுக்கும் உறை போட்டு மூடியிருந்தேன். ஆடியில் யார் கலியாணம் வைக்கிறார்கள்? வருடத்தில் எனக்கு ஓய்வு என்றால் அந்த மாதமும் மார்கழியும்தான். ஆடி முடியும்போது என் கை ஆறிவிட்டது. விரல் நுனி சின்னப் பிள்ளையின் கன்னம் மாதிரி இருந்தது. ஒரு பட்டுத் துணியை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு நூல்கூட மாட்டவில்லை. அழுதேன். குங்குமத்தை எடுத்து அந்த மெஷின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். "நான் சொன்னேன்ல" என்று வீட்டுக்காரர் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்தது. கூறைச் சாரிகள் வரிசையாக வந்தன. அதே வாரம் அந்த மூதேவி மெஷின் படுத்துக்கொண்டது.

உறுமும், தண்ணீர் வராது. சிவப்பு விளக்கு சிமிட்டும். டவுனிலிருந்து கறண்ட் வேலை செய்கிற பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார், "ஃப்ரிட்ஜ்ன்னா செஞ்சிடுவேன் அக்கா. இது நம்ம கை படாத சாமான்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். பிறகு வீட்டுக்காரர் தானே இறங்கினார். கந்தோர் விட்டு வந்து, போனில் வீடியோக்களைப் பார்த்து, குசினித் தரையில் படுத்துக் கிடப்பார். எங்கள் தண்ணீர்த் தாங்கி கூரைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது, அதிலிருந்து வருகிற தண்ணீருக்கு வேகம் போதாது, அதனால்தான் மெஷின் எடுக்கவில்லை என்று கண்டுபிடித்தார். ஆடியில் எப்படி எடுத்தது என்று கேட்டேன். ஆடியில் தாங்கி நிறைந்திருந்ததாம், இப்போது பைப்பில் தண்ணீர் விட்டு விட்டு வருவதால் பாதிதான் நிற்கிறதாம். சின்ன மோட்டர் ஒன்று பூட்டினார்.

அந்த நாட்களெல்லாம் தட்டுகளை நான்தான் கையால் கழுவினேன். கை மறுபடி வெடித்தது. பார்த்தீர்களா, மெஷின் நின்றது, கை போனது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

அந்த ஆவணியில்தான் என் மானம் போனது. சந்தன நிறப் பட்டில் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். முடித்துத் திருப்பிப் பார்த்தால் உள்மடிப்பில் ஒரு பொட்டு இரத்தம். குளிர்ந்த தண்ணீரில் ஒற்றி எடுத்தும் நிழல் மாதிரி நின்றது. பெண்ணின் அம்மா விரித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. என் கையைப் பார்த்தார். "மொதல்ல கைய சுகப்படுத்திக்கங்க அக்கா. அப்புறம் தைக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிப் பேசியிருப்பேன். இரக்கப்பட்டு விட்டாரே, அதற்கு என்ன பதில் சொல்வது?

மோட்டர் பூட்டியதும் தண்ணீர் வந்தது. புரட்டாசியில் வந்த தண்ணீர் வெளியே போகவில்லை. அடியில் கலங்கலாகத் தேங்கி நாறியது. இதில் எங்களுக்குள் பெரிய சண்டை. எச்சில் பாத்திரம் இரவு கிடந்தால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவள் நான். அவரோ, மெஷின் நிறைகிற வரைக்கும் அடுக்கி வை, நாளைக்குப் போடலாம் என்பார். எனக்கு அடுக்காது. அவர் தூங்கப் போனதும் எல்லாவற்றையும் சவுக்காரம் போட்டுக் கழுவி, கழுவிய தட்டை மெஷினுக்குள் வைப்பேன். ஒருநாள் பிடித்துவிட்டார். "கழுவுன தட்டக் கழுவுறதுக்கா இவ்வளவு பாடு? ஒன் கை ஆறணுமா வேணாமா?" என்று கத்தினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அதோடு நான் அந்த வழக்கத்தை விட்டேன். எச்சில் தட்டோடு ஓர் இரவைக் கழிக்கப் பழகினேன். கைக்காக அதையும் விட்டேன்.

தண்ணீர் ஏன் போகவில்லை என்று அவர் அடியிலிருந்த வடியைக் கழற்றினார். சோற்றுப் பருக்கை, தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை, எல்லாம் பசையாக அப்பியிருந்தது. கழுவிப் போட்டும் சரிவரவில்லை. இன்னும் உள்ளே விரலை விட்டுத் துழாவினார். தண்ணீரை வெளியே தள்ளுகிற சக்கரத்தில் என்னவோ சிக்கியிருந்தது. இழுத்தெடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிளவுஸ் கொக்கி. என் சாரியில் ஒட்டிக்கொண்டு போய்த் தட்டில் விழுந்திருக்க வேண்டும். "குற்றவாளி ஒன் ஆளுதான்" என்றார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

ஐப்பசியில் இடி. இடி இடித்தால் வீட்டிலிருக்கிற பிளக்கையெல்லாம் பிடுங்குவது எங்கள் பழக்கம். மெஷின் பாதியில் நின்று, நுரைத் தண்ணீரோடு கிடக்கும். திரும்பச் செருகினால் எங்கே விட்டோம் என்று அதற்குத் தெரியாது. வானத்தைப் பார்த்து, இருட்டுவதற்கு முன் போட்டு எடுக்கப் படித்தோம். கார்த்திகையில் கண்ணாடிக் கோப்பைகளெல்லாம் வெள்ளை படர்ந்து வெளியே வந்தன. இந்தப் பக்கம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்; கேத்தலுக்குள் படிகிற அதே வெள்ளைதான். மெஷினுக்கு உப்புப் போட வேண்டும் என்று படித்துவிட்டு வீட்டுக்காரர் கறிக்குப் போடுகிற தூள் உப்பைக் கொட்டினார். இன்னும் மோசமானது. பிறகு கண்டியில் ஒரு கடையில் மெஷினுக்கென்றே விற்கிற உப்பைத் தேடி வாங்கி வந்தார். அலுக்காத மனுஷன். நான் பத்துத் தடவை "தூக்கி ஆத்துல போடுங்க" என்று சொல்லியிருப்பேன். அவர் என் கையைப் பார்ப்பார், மறுபடி தரையில் படுப்பார்.

மார்கழி பிறந்தபோது அது சொன்னபடி கேட்டது. தண்ணீர் வந்தது, போனது, கோப்பை பளபளத்தது. தையல் மெஷின் உறைக்குள் தூங்கியது. என் கையும் ஆறியது. ஆடியில் போலவே, ஒரு கீறல் இல்லாமல் ஆறியது. கோயிலில் திருவெம்பாவைக்குப் போய், கும்பிட்ட கையை விரித்து விரித்துப் பார்த்தேன். இனி எனக்குப் பயமில்லை என்று நினைத்தேன். தை மாதத்துக்கு வந்த கலியாணங்களில் ஒன்றையும் தட்டாமல் எடுத்துக்கொண்டேன். சந்தன நிறப் பட்டுக்காரரின் இரண்டாவது மகளுக்கும் தை மாதம்தான். நானே போய்க் கேட்டு வாங்கி வந்தேன்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் போகவில்லை. பெருவிரல் அடியில் அரித்தது. நான் பார்க்கவில்லை என்று எனக்கே பொய் சொன்னேன். பிறகு வெடித்தது. இந்தத் தடவை முன்னைவிட ஆழம். மெஷினோ ஒரு பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரைத் தொட்டே எத்தனையோ நாள். வீட்டுக்காரர் நம்பாமல் வடியைக் கழற்றிப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "மெஷின்ல ஒரு கொறையும் இல்லையே" என்றார்.

கண்டியில் தோல் டாக்டரிடம் போனேன். எது என் தோலுக்கு ஆகவில்லை என்று பார்க்க முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளை வரிசையாக ஒட்டி, குளிக்காமல் இருந்துவிட்டு வரச் சொன்னார். இரண்டாம் முறை தனியாகத்தான் போனேன், வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. டாக்டர் சிங்களத்தில் பேசினார், எனக்கும் அது சரளம். ஒட்டுகளைப் பிய்த்துப் பார்த்தார். வருடத்தில் எப்போதாவது கை நன்றாக இருக்குமா என்று கேட்டார்.

"ஆடியில ஆறிடுச்சு. மார்கழியிலயும் ஆறிடுச்சு" என்றேன்.

"அந்த மாசங்கள்ல என்ன செய்யாம இருந்தீங்க?"

வாயைத் திறந்தேன். தட்டுக் கழுவவில்லை என்று சொல்லத்தான் திறந்தேன். அந்த இரண்டு மாதமும் உறைக்குள் தூங்கிய தையல் மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. "தைக்கலை" என்றேன்.

அவர் மெதுவாக விளக்கினார். கத்தரியில், ஊசியில், குண்டூசியில், கொக்கியில் கலந்திருக்கிற ஓர் உலோகம் என் தோலுக்கு ஆகாது. ஒரு தடவை ஆகாமல் போனால் பிறகு ஆகாதுதான். கையுறை போட்டுத் தைக்கலாமா என்றார். அதை நான் முன்பே போட்டுப் பார்த்திருக்கிறேன். கையுறைக்குள்ளிருந்து பட்டு எங்கே இழுபடுகிறது என்று தெரியாது. "வேற தொழில் ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். நல்ல மனுஷி, கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். தெரியாது என்றேன்.

பஸ்ஸில் மடியில் கையை வைத்துக்கொண்டு வந்தேன். அக்குறணை வந்தது, உக்குவளைச் சந்தி வந்தது, எதையும் நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது, கந்தோர் விட்டு வந்த வீட்டுக்காரர் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கோப்பை ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாரு, ஒரு புள்ளி இருக்கா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சவுக்காரம் இல்லையாம்."

"அப்ப?"

"கத்தரி. ஊசி. ஒங்க கையில எடுத்துக் காட்டுனீங்களே, அந்தக் கொக்கி."

கோப்பையைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "இரு, ஏதாவது வழி இருக்கும், நான் பாக்குறேன்" என்றார். தண்ணீர் வராததற்கும், போகாததற்கும், வெள்ளை படிந்ததற்கும் அவர் பார்த்துக் கண்டுபிடித்த போன்.

காலையில் குடித்த தேத்தண்ணிக் கோப்பைகள் தொட்டியில் கிடந்தன. நான் சாரித் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பைப்பைத் திறந்தேன்.

"மெஷின்ல போடு" என்றார்.

"எதுக்குங்க?" என்று கேட்டேன்.

தும்பில் சவுக்காரத்தைத் தேய்த்தேன். வெடிப்புக்குள் தண்ணீர் போய் எரிந்தது, எரியட்டும் என்று விட்டேன். அந்த இரண்டாவது மகளின் பட்டு அளவெடுத்து வெட்டியபடி தையல் மேசையில் கிடந்தது. அதை இனி யாரிடம் கொடுத்துத் தைக்கச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கோப்பைகளைக் கழுவினேன்.