பெத்லகேமில் கட்டாமல் வந்த தொட்டில்

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து புனித நாட்டுக்குப் புறப்படுகிறவர்களை மாலை போட்டு வழியனுப்பும்போதெல்லாம், நானும் போயிருக்கிறேன் என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. எப்போது என்று கேட்பார்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் என்றால் சிரிப்பார்கள். அந்த வயதில் என்னம்மா புரிந்திருக்கும் என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

என் அம்மாவின் அக்கா, பெரியம்மா, நாமகிரிப்பேட்டையில் இருந்தார். பெரியப்பா ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். ஆந்திரா, கர்நாடகம் என்று மாதக்கணக்கில் வெளியூரிலேயே கிடப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. சேந்தமங்கலத்தில் என் அம்மாவுக்கோ எனக்குப் பின்னால் வரிசையாகத் தம்பிகள். அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன்பே என்னைப் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். யாராவது என்னைக் காட்டி உங்கள் பெண்ணா என்று கேட்டால் பெரியம்மா உடனே திருத்திவிடுவார்.

"இல்லீங்க, தங்கச்சி புள்ளைங்க. தொணைக்கு வெச்சிருக்கேன்."

அவர் எதற்காகத் திருப்பயணத்துக்குப் பெயர் கொடுத்தார் என்று பங்கில் எல்லோருக்கும் தெரியும். ஆண்டவர் பிறந்த ஊரிலேயே போய்ப் பிள்ளை வரம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார். வேளாங்கண்ணியில் கட்டுவார்களே, அதேபோல ஒரு தொட்டில். தன் கல்யாணச் சேலையிலிருந்து துண்டு கிழித்து, மஞ்சளில் நனைத்து உலர்த்தி, உள்ளங்கை அகலத்தில் கையாலேயே தைத்தார். என்னைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் எனக்கும் சேர்த்துப் பணம் கட்டினார் பெரியப்பா.

புறப்படுகிற அன்று கோயில் வாசலில் ஒரு அக்கா என் கன்னத்தைக் கிள்ளிச் சொன்னார்: "உங்க பெரியம்மாவுக்குப் புள்ள பொறந்துட்டா, உன்னயச் சேந்தமங்கலம் பஸ்ஸுல ஏத்தி உட்டுருவாங்க. பாத்துக்க சாமி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் விமானத்தில் கொடுத்த ஐஸ்கிரீம்கூட இறங்கவில்லை.

கலிலேயாக் கடலில் படகில் போனோம். பெரியப்பா கையை நீரில் விட்டு அளைந்துகொண்டே வந்தார். நம்மூரில் ஆயிரம் அடி போட்டாலும் புழுதிதான் வருகிறது, இங்கே ஆண்டவர் நடந்து போவதற்கே இவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, எங்களை அழைத்துப் போயிருந்த ஃபாதர் படகே ஆடும்படி சிரித்தார். யோர்தானில் எல்லோரும் பாட்டிலில் தண்ணீர் பிடித்தோம். பெரியம்மா தண்ணீரில் நின்றபடி இடுப்பில் செருகியிருந்த தொட்டிலை எடுத்து நனைத்துக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சேந்தமங்கலம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

எருசலேமில் சிலுவைப் பாதை, நான் நினைத்ததுபோல வெட்டவெளியில் இல்லை. அது கடைத்தெரு. இரண்டு பக்கமும் செருப்பு, துணி, பாத்திரம். அதற்குள் ஒரு மரச்சிலுவையை முறைவைத்துச் சுமந்து, தமிழில் செபம் சொல்லிக்கொண்டு போனோம். எங்கள் முறை வந்ததும் பெரியப்பா தோளில் வாங்கினார். அவருக்குக் கைகொடுக்க என் கையை விட்டுவிட்டு முன்னால் போனார் பெரியம்மா. நான் நின்ற இடத்தில் ஒரு கடையில் மஞ்சள் தூளைக் கோபுரம்போலக் குவித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஊரே மஞ்சள் ஊர். அந்த வாசனையில் நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது சிலுவையும் இல்லை, செபமும் இல்லை.

தொலைந்துபோனால் அழாமல் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்துக்காகப் பெரியம்மா என்னைப் பழக்கியிருந்தார். அதன்படியே கடைக்காரத் தாத்தாவிடம், "நாமகிரிப்பேட்டைங்க" என்றேன். அவர் விழித்தார். விளங்கவில்லையோ என்று, "ரிக் வண்டிக்காரர் ஊடுங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, எள் தூவிய ரொட்டியைக் கையில் கொடுத்தார்.

அதைப் பாதி தின்பதற்குள் பெரியம்மாவின் குரல் கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு, "சாமீ, சாமீ" என்று என்னைக் கூவி அழைத்தபடி ஓடி வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். என் தலையை வயிற்றோடு அழுத்திக்கொண்டார்.

கடைக்காரர் என்னைக் காட்டி, "யுவர் பேபி?" என்றார்.

"யெஸ்ஸுங்க. மை பேபி" என்றார் பெரியம்மா.

தங்கச்சி பிள்ளை என்பதற்கு அவருக்கு இங்கிலீஷ் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெத்லகேம். மாதா குழந்தை இயேசுவுக்குப் பால் கொடுத்ததாகச் சொல்லும் வெள்ளைப் பாறைக் குகையில், பிள்ளை வரம் கேட்டு வந்த பல நாட்டுப் பெண்கள் முழந்தாளில் இருந்தார்கள். பெரியம்மாவும் வெகுநேரம் இருந்தார், என் கையைப் பிடித்தபடியே. எனக்குக் கால் மரத்துப்போயிற்று. அங்கே எதையும் கட்ட அனுமதியில்லை. பெரியப்பா விடுகிற ஆள் இல்லை. அடுத்துப் போன இடையர் வயல்வெளியில் தாழ்ந்த கிளையோடு ஒரு ஒலிவ மரத்தைக் கண்டுபிடித்து, ஃபாதரிடம் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். ஃபாதரும், அன்றைக்கு இடையர்கள் குழந்தையைத் தேடித்தானே போனார்கள், நல்ல இடம்தான், கட்டட்டும் என்றார்.

பெரியப்பா கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டார். "கட்டு புள்ள."

பெரியம்மா என் கையை விடாமலே, மற்றக் கையால் தொட்டிலை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வேண்டாங்க" என்றார் பெரியம்மா. "கெளைய உடுங்க."

பெரியப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கிளையை மெதுவாக விட்டார். ஏன் என்று அவர் கேட்காதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எவ்வளவு ஆசையாகத் தைத்த தொட்டில். பஸ் பயம் ஒரு பக்கம் இருந்தாலும், பெரியம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான்தான் இடைஞ்சலாக இருக்கிறேன் என்று தோன்றியது. கட்டிக்கொள்ளட்டும் என்று என் கையை மெல்ல இழுத்தேன்.

அவர் விடவில்லை. இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.

முடிச்சுப் போட இரண்டு கையும் வேண்டும் என்பது மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்திருந்தது.