அரை அங்குலம் குறைவு

மீன் பிடிக்கிறவன் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேள் என்பார்கள் எங்கள் மினசோட்டாவில். சரிதான். நானும் வாயாலேயே எத்தனையோ மீன்களை வளர்த்தவன். ஆனால் இதில் ஒரு சொல்லைக்கூடக் கழிக்காதீர்கள். இது நடந்தது. எனக்கே நடந்தது.

ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை. ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்றும் அங்கே குடும்பங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. கரையோரம் நாற்பது கேரவன்கள் நிற்கும். படகுத்துறை உண்டு. அதை ஒட்டி மீன் கழுவும் கொட்டகை. நான், மனைவி மார்லிஸ், மகன் எமெட் மூன்று பேரும் போயிருந்தோம். எமெட்டுக்கு ஏழு வயது. வயதுக்குக் கொஞ்சம் குள்ளம். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. எனக்குத்தான் அது உறுத்தும்.

அந்த ஏரியில் பதினைந்து அங்குலத்துக்குக் குறைந்த மீனை எடுத்துப்போகக் கூடாது. அளந்து பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே திருப்பி விட வேண்டும். அன்று சாயங்காலம் எனக்குக் கிடைத்ததெல்லாம் பொடி. பக்கத்துக் கேரவன் ரஸ், கையில் பீரோடு வந்து நின்றான்.

"என்னடா டேரல், மீனும் பொடி, மகனும் பொடியா? அவனையும் தூக்கி ஏரியில விட்டுரு. சைஸ் பத்தாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எமெட்டும் சிரித்தான். எனக்கு மட்டும் கோபம் தலைக்கேறியது.

இரவு 8.50. கோடையில் எங்கள் பக்கம் அப்போதும் வெளிச்சம் இருக்கும். எமெட் துறையிலிருந்து ஓடி வந்தான்.

"அப்பா, அங்க ஒரு தாத்தா என்னை அளந்தாரு."

"எப்படி?"

"மீன் பலகை மேல படுக்க வெச்சு. நாப்பத்தஞ்சரை இன்ச்சாம். இன்னும் அரை இன்ச் வேணுமாம். 'போ'ன்னு விட்டுட்டாரு."

அவனைத் திருப்பிப் பார்த்தேன். சட்டை முதுகெல்லாம் ஈரம். செதில்கள் ஒட்டியிருந்தன.

கொட்டகைக்கு ஓடினேன். யாரும் இல்லை. மேசை காய்ந்து கிடந்தது. அளவுப் பலகை சங்கிலியில் கட்டியிருந்தது. அதன் மொத்த நீளமே இரண்டடிதான்...

முகாம் நடத்தும் அம்மாளிடம் சொன்னேன். "அப்படி ஒரு கிழவர் இங்க தங்கலையேப்பா" என்றார். எவனோ குடித்துவிட்டு விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். என் பிள்ளையை அளக்க இவர்கள் எல்லாம் யார்? 10.30-க்குக் கேரவன் கதவை நானே பூட்டிவிட்டுப் படுத்தேன்.

காலை 5.05. இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவை வெளியே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு தூண்டிலோடு துறைக்குப் போனேன். ஏரி முழுக்க மூடுபனி. ஒரு வாத்துகூடக் கத்தவில்லை.

5.12.

பனிக்குள்ளிருந்து ஒரு தட்டைப் படகு வந்தது. கிழவர் ஒருவர் துடுப்பு போட்டார். துடுப்பு மேலே வந்தது. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

"அந்தப் பொடியன் உன் பிள்ளையா தம்பி?"

"ஆமா. நேத்து நீங்கதான் அளந்தீங்களா?"

"அரை இன்ச் கம்மி. அதான் விட்டுட்டேன்."

'ஆமாம், குறைவுதான்' என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ரஸ்ஸின் சிரிப்பு காதிலேயே இருந்தது. பாழாய்ப்போன வாய்.

"உங்க அளவு தப்பு. அவன் நாப்பத்தாறரை."

துடுப்பு நின்றது.

"நெசமாவா?"

"பெத்தவன் சொல்றேன்ல?"

"அப்போ சரி. பெத்தவன் வாக்கு போதும்."

படகு திரும்பியது. பிடித்த மீன்களைக் கோத்துத் தொங்கவிடும் கயிறு அதன் பக்கவாட்டில் தெரிந்தது. கயிறு விறைத்து நின்றது. அடியில் ஏதோ கனமாக...

தூண்டிலை அங்கேயே எறிந்துவிட்டுக் கேரவனுக்கு ஓடினேன்.

5.16. கதவு பூட்டியே இருந்தது. சாவி என் பையில். திறந்தேன். மார்லிஸ் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எமெட்டின் படுக்கை...

ஈரம்.

செதில்.

அவன் இல்லை.

6.40-க்குத் துறையின் அடியிலிருந்து எடுத்தார்கள். ரஸ்தான் குதித்துத் தூக்கி வந்தான். அவன் அழுத மாதிரி நான்கூட அழவில்லை. பூட்டிய கதவைத் தாண்டிப் பிள்ளை எப்படிப் போனான் என்று போலீஸ் நாலு முறை கேட்டது. தெரியாது என்றேன்.

அடக்கத்துக்கு முந்தின நாள், இறுதிச் சடங்கு நடத்துகிறவர் என்னையும் மார்லிஸையும் தனியே கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க குடுத்த கால்சட்டை கட்டையா இருக்கு. கணுக்கால் தெரியுது. வேற இருக்கா?"

"இருக்காதே! போன வியாழக்கிழமைதான் அளவெடுத்து நானே மடிச்சுத் தெச்சேன்" என்றாள் மார்லிஸ்.

அவர், உடலைப் பரிசோதித்த மருத்துவரின் அறிக்கையை எடுத்து நீட்டினார். உயரம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: நாற்பத்தாறரை அங்குலம்.

அந்தத் தாளை மார்லிஸ் பத்திரமாக வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுகிறாள். "கடைசியில வளந்துட்டான் பாருங்க, என் பிள்ளை" என்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.