போலாரத்தில் பதினொன்று

தேவராஜின் குவார்ட்டர்ஸ் கதவில் பெயர்ப் பலகை உண்டு: 'சு. தேவராஜ், பி.ஏ.' அந்த வரிசையில் வேறு எவர் கதவிலும் பலகை கிடையாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகையில் அவன் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தை அச்சடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஹைதராபாத்தில் மத்திய அரசு ஃபேக்டரி ஒன்றில், ஸ்டோர்ஸில் உதவியாளராகச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. லீவு லெட்டரா, எல்.டி.சி. ஃபாரமா, பி.எஃப். வாரிசு மனுவா, எல்லாம் அவன் மேசைக்குத்தான் வரும். தெரியாது என்று அவன் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரியே எழுதிக் கொடுத்து, பாதி நாள் அது சரியாகவும் போய்விடும்.

1988 பொங்கல் முடிந்த வாரம், கேன்டீன் அன்னக்கிளி டீ டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள். புருஷன் ஃபவுண்டரியில் விபத்தில் இறந்தபின் கம்பெனி அவளுக்குக் கேன்டீனில் வேலை கொடுத்திருந்தது. குடியாத்தம் பக்கத்துக்காரி. ஒரே மகள் வேதா, இன்டர் இரண்டாம் வருஷம், நம் ஊர் பிளஸ் டூ மாதிரி.

"தம்பி, எம்பொண்ணு வக்கீலுக்குப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அதுக்கு ஏதோ பரீட்சை எழுதணுமாம். அதுக்கு முன்னால கிளாஸ் போணுமாம். ஹப்சிகுடாவுல ஒண்ணு இருக்குதாம், போலாரத்துல ஒண்ணு இருக்குதாம். எதுல சேத்தா தேறுவா? எனக்கு இன்னா தெரியும். நீ படிச்சவன், ஒரு நடை போய்ப் பாத்துச் சொல்லு."

"இதுக்கென்னக்கா, ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பாத்துட்டு வந்துருதேன்."

ஹப்சிகுடாவில் இருந்தது ஒரு டுட்டோரியல். மாடி முழுக்க பெஞ்சு, வாசலில் ஆள் உயர போர்டு. மேனேஜர் அவனை "சார், சார்" என்று அழைத்து, கூல்டிரிங்க் வரவழைத்து, கெட்டிக் காகிதத்தில் அச்சடித்த பாடத்திட்டத்தை நீட்டினார். தேவராஜுக்கு மனசு குளிர்ந்தது.

போலாரத்துக்கு இரண்டு பஸ். ராணுவக் குடியிருப்புகளைத் தாண்டி, ஓட்டு வீடு ஒன்றின் கார் ஷெட்டில் வகுப்பு. நடத்துபவர் ஞானசௌந்தரி, கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து, பிறகு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். ஐம்பது வயசு இருக்கும். தேவராஜ் வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வினாத்தாளை நீட்டினார்.

"உக்காருங்க. பேனா இருக்குதா? நாப்பது கேள்வி, நாப்பது நிமிஷம்."

"நான் எழுதலைங்க. எழுதப்போறது ஒரு பொண்ணு."

"ஹவ், ஆமா, தெரியும். இங்க யார் சேர்க்க வராங்களோ அவங்களும் எழுதணும். வீட்டுல உக்காந்துக்கிட்டு 'ஏன் மார்க் வரல'ன்னு பிள்ளையப் புடுங்குவீங்க இல்ல? அது என்ன பரீட்சைன்னு உங்களுக்கும் தெரியட்டும்."

அவன் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தான். மேலே 'தேவராஜ், பி.ஏ.' என்று பளிச்சென்று எழுதினான். முதல் கேள்வி: பஸ்ஸில் உயிருள்ள பறவைகளை ஏற்றக் கூடாது என்று விதி. ஒருவர் முட்டைக் கூடையோடு ஏறுகிறார். பாதி வழியில் ஒரு முட்டை பொரிந்து குஞ்சு வருகிறது. கண்டக்டர் அவரை இறக்கிவிடலாமா? தேவராஜ் கண்டக்டரையும் நினைத்தான், குஞ்சையும் நினைத்தான், நேரம் போய்க்கொண்டிருந்தது. அடுத்து ஒரு நீண்ட ஆங்கிலப் பத்தி. மூன்று முறை படித்தும் நான்கு விடையும் சரி போலவே இருந்தன. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது.

ஞானசௌந்தரி அங்கேயே திருத்தினார். சிவப்பு மையில் 11. பக்கத்தில் இருந்த இன்டர் பையன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த மரியாதைதான் தேவராஜைக் கொன்றது.

"பரவால்ல. பொண்ணை சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க," என்று சொல்லி, தாளை ஒரு ஃபைலில் சொருகினார்.

திங்கட்கிழமை அன்னக்கிளி டீ டம்ளரோடு நின்றாள்.

"போலாரம் சரிப்படாதுக்கா," என்றான் தேவராஜ், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். "ரெண்டு பஸ் மாறணும். மிலிட்டரி ஏரியா வேற, பொம்பளப்புள்ளைக்கு ஆகாது. கிளாஸும் ஒரு ஷெட்டுலதான் நடக்கு. ஹப்சிகுடாவுலயே சேத்துருங்க."

"நீ சொன்னா சரிதான் தம்பி."

அன்று டீயில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. அவன் பாதி டம்ளரோடு வைத்துவிட்டான்.

வேதா ஹப்சிகுடாவில் சேர்ந்தாள். நல்ல பிள்ளை. டுட்டோரியலில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினாள். சட்டம் என்றால் என்ன, ஒப்பந்தம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக மனப்பாடம். சாயங்காலம் குவார்ட்டர்ஸ் கிணற்றடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டிருக்கும். தேவராஜ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நடையை வேகமாக்கினான். 'அவ்வளவு பெரிய போர்டு வைத்திருக்கிறவன் ஏமாற்றவா போகிறான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். போலாரத்து வினாத்தாளில் ஒப்பந்தம் என்ற சொல்லே இல்லை என்பது மறுநிமிஷம் நினைவுக்கு வரும்.

மார்ச் கடைசியில் பரீட்சைக்கான விண்ணப்பப் புத்தகம் வந்தது. பின்பக்கத்தில் மாதிரி வினாத்தாள். வேதா அதை எடுத்துக்கொண்டு நேரே அவன் கதவுக்கு வந்தாள்.

"அண்ணா, இதுல ஒண்ணுகூட அவங்க சொல்லித் தரல. கைக்கு, ஏன்? நான் தப்பான கிளாஸ்லயா இருக்கேன்?"

தேவராஜ் வாங்கிப் பார்த்தான். விதி ஒன்று, சம்பவம் ஒன்று, நான்கு விடை. கார் ஷெட்டில் அவன் முன்னால் விரிந்த அதே மாதிரித் தாள். தலைக்கு மேலே பெயர்ப் பலகை.

"பாத்துச் சொல்லுதேன்," என்றான்.

மூன்று நாள் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் டீ வழக்கம்போல மேசைக்கு வந்தது. பரீட்சைக்கு ஏழு வாரம். நாலாம் நாள் சனிக்கிழமை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வேதாவைக் கூட்டிக்கொண்டு போலாரம் புறப்பட்டான். காரணம் கேட்டவளிடம், "அங்கயும் ஒரு தடவ பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னான்.

ஞானசௌந்தரி அவனைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"அட, பி.ஏ. சார்! இந்தப் பொண்ணா? ஜனவரியில வரேன்னு போனீங்க, சித்திரை வரப் போகுது. சரி, ரெண்டு பேரும் உக்காருங்க. உங்களுக்குப் பழைய கணக்கு இருக்குதே." ஃபைலைப் புரட்டி அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். பெயர், பட்டம், தேதி, சிவப்புப் பதினொன்று.

வேதா தாளையே பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். அவனும் எழுதினான். அவளுக்குப் பத்தொன்பது மார்க். அவனுக்குப் பதின்மூன்று.

திரும்பி வரும்போது செகந்திராபாத்தில் பஸ் மாறினார்கள். இரண்டாவது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லுதேன்."

"முழுசா சொல்லணும். பஸ், மிலிட்டரி ஏரியா எல்லாம் நக்கோ, வேணாம்."

திங்கட்கிழமை டீ நேரத்துக்குக் காத்திராமல் அவனே கேன்டீனுக்குப் போனான். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று முழுசாகச் சொன்னான். மார்க்கையும் சொன்னான். அன்னக்கிளி கையில் இருந்த டம்ளரை மூன்று தடவை அலசினாள்.

"எம்பொண்ணு மார்க்கு கொறஞ்சா நான் திட்டுவேன். உன்ன யாரு திட்டுறது? உங்க ஊர்ல ஆள் இருக்குதா?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"ஏழு வாரமும் அவள நீதான் கூட்டிட்டுப் போணும். தனியா அனுப்ப மாட்டேன். கூட்டிட்டுப் போய் வாசல்ல நின்னு பீடி குடிக்கிற வேலையெல்லாம் வேணாம். உள்ள உக்காந்து நீயும் எழுது."

"நான் பீடி குடிக்க மாட்டேன்க்கா."

"எழுது."

அப்படித்தான் ஆயிற்று. சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ், கார் ஷெட், நாற்பது கேள்வி. திங்கட்கிழமை டீ டம்ளரை வைக்கும்போது, ஸ்டோர்ஸ் முழுக்கக் கேட்கிற குரலில் அன்னக்கிளி கேட்பாள்: "தம்பி, மார்க்கு எவ்ளோ?" முதல் வாரம் அவன் முணுமுணுத்தான். "காதுல விழல," என்றாள். பிறகு சத்தமாகவே சொல்லப் பழகினான். பதினாறு. பதினைந்து. பத்தொன்பது. பக்கத்து மேசை சூசைராஜ், "பி.ஏ. பாஸா ஃபெயிலா?" என்று ராகம் போடுவான். அதற்கும் பழகினான். வேதா இருபத்தாறு, இருபத்தெட்டு என்று போய்க்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்பது, பத்து வாரம் இருந்திருந்தால் என்று ஞானசௌந்தரி ஒருமுறை சொல்ல ஆரம்பித்து, தேவராஜைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ரிசல்ட் வந்தது. வேதாவுக்கு இடம் கிடைத்தது. ஆனால் ஹைதராபாத்தில் இல்லை. நாற்பத்துமூன்று ரேங்க் முன்னால் இருந்திருந்தால் வீட்டிலிருந்தே போய்வந்திருக்கலாம். வாரங்கலில் ஹாஸ்டல். புருஷன் போனபின் அந்த வீட்டில் இரண்டு பேராக இருந்தார்கள், இனி ஒருத்தி. டிரங்குப் பெட்டியை பஸ் கூரையில் ஏற்றிக் கட்டியது தேவராஜ்தான். வேதா ஜன்னல் வழியாக, "அண்ணா, அம்மா ஃபாரம் எதாவது கொண்டாந்தா, தெரிஞ்சா மட்டும் எழுதுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனுக்குச் சிரிக்க வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவன் எங்கும் போகவில்லை. திங்கட்கிழமை டீ வந்தது.

"மார்க்கு எவ்ளோ?"

தேவராஜ் நிமிர்ந்தான். "வேதாதான் போயிருச்சேக்கா. நான் போகலை."

அன்னக்கிளி டம்ளரை வைத்தாள். மேசையில் சிந்தியதை முந்தானையால் துடைத்தாள்.

"ஏன், பஸ்ஸு ஓடலியா?"

அடுத்த சனிக்கிழமை அவன் போலாரம் பஸ்ஸில் தனியாக ஏறினான்.